படத்தின் ஓரத்தில் கிடைத்த விடை: உடல் முழுவதும் பரவிய நாடாப்புழுக் கட்டிகளைக் கண்டறிந்த அனுபவம்

முதல் முறையாக வலிப்பு கண்டு அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்ட ஓர் இளைஞரின் தலை சி.டி. படம் என் திரைக்கு வந்தபோது, ஐந்து நிமிடத்தில் அறிக்கை எழுதி முடித்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். மூளையில் அங்கங்கே கடுகளவில் ஆறு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. இடப்பக்க நெற்றி மடலில் இருந்த புள்ளியைச் சுற்றி மட்டும் சற்றே கருத்த வீக்கம். சுண்ணம் படிந்த பழைய நாடாப்புழுக் கட்டிகள், அவற்றில் ஒன்றைச் சுற்றி வீக்கம் என்று எழுதியிருந்தால் அதில் பிழை சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. கதிரியல் மருத்துவராகப் பல ஆண்டுகள் படம் பார்த்துவரும் எனக்கு அது பழகிய காட்சி. ஆனால் அந்த ஒரு படத்தோடு நின்றிருந்தால் அவருடைய வலது கண்ணின் பார்வை பறிபோயிருக்கக்கூடும். அதனால்தான், அவருடைய ஒப்புதலுடன், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. சி.டி.யில் ஆறாகத் தெரிந்தவை இதில் நாற்பதுக்கும் மேல் என்று ஆயின. மூளையின் சாம்பல் நிறப் புறணியும் உள்ளே உள்ள வெண்பகுதியும் சந்திக்கும் இடங்களில், பெரும்பாலும் 5 முதல் 10 மில்லிமீட்டர் அளவில், மெல்லிய சுவரும் உள்ளே தெளிந்த நீருமாக நீர்க்கட்டிகள் இறைந்து கிடந்தன. டி2 வகைப் படத்தில் அவை மூளையைச் சூழ்ந்துள்ள நீரைப் போலவே வெண்மையாக ஒளிர்ந்தன. பல கட்டிகளுக்குள், நடுவில் இல்லாமல் சுவரை ஒட்டி, ஒரு சிறு கரும்புள்ளி இருந்தது. அதுதான் இளம்புழுவின் தலை. ஸ்கோலெக்ஸ் என்று சொல்வோம். வட்டத்துக்குள் புள்ளி என்ற இந்தத் தோற்றம் தெளிவாகக் கிடைத்துவிட்டால் நோயை உறுதிசெய்ய வேறு சான்று தேவைப்படாது. நரம்பியல் மருத்துவர் டெல் புரூட்டோவும் அவருடைய குழுவினரும் 2001இல் வகுத்து 2017இல் திருத்திய நோயறிதல் விதிகளில், படத்தில் புழுவின் தலையைக் காண்பது தன்னளவிலேயே முடிவான சான்றாக வைக்கப்பட்டிருக்கிறது.

எம்.ஆர்.ஐ.யைப் பார்த்த பிறகு முதல் நாள் சி.டி.யைத் திரும்பத் திறந்தேன். எம்.ஆர்.ஐ. காட்டிய கட்டிகளில் சில, மங்கலான கருவட்டங்களாக அதிலும் இருந்தன. பளிச்சென்ற சுண்ணப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்த என் கண்ணுக்கு அவை படவில்லை. இதை மறைப்பதில் பயனில்லை. இளம் மருத்துவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது அந்தச் சி.டி.யை இப்போதும் நான் முதலில் காட்டுகிறேன்.

மூளையில் இவ்வளவு கிடைத்துவிட்ட பிறகு படத்தின் ஓரத்தைப் பார்க்கத் தோன்றாது. கேட்ட கேள்விக்கு விடை கிடைத்த உடனே கண் தேடுவதை நிறுத்திவிடும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் அறிந்த ஆபத்து. அன்று என்னைக் காப்பாற்றியது ஒரு பழக்கம் மட்டுமே: தலையை நெடுக்காகப் பிளந்ததுபோல் காட்டும் நடுக்கோட்டுப் படத்தை, அறிக்கையை முடிக்கும் முன் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிடுவது. அதில் நாக்குத் தெரியும். நாக்கின் தசைக்குள் இரண்டு வெள்ளை மணிகள் இருந்தன. உருப்பெருக்கிப் பார்த்தேன். இரண்டிலும் சுவரை ஒட்டி அதே கரும்புள்ளி.

பிறகு ஒவ்வொரு படமாக, மண்டையோட்டுக்கு வெளியே மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். பொட்டுப் பக்கத் தசையில் இரு புறமும் சேர்த்து ஏழு. தாடையை மூடும் தசையில் மூன்று. வலது கண்குழிக்குள் கண்ணை அசைக்கும் ஒரு தசையில் ஒன்று. பிடரித் தசைகளில் எண்ணுவதை விட்டுவிட்டேன். மூளையில் உருண்டையாக இருந்த கட்டிகள் இங்கே அரிசிமணி போல நீண்டிருந்தன. எல்லாம் தசைநார் ஓடும் திசையிலேயே படுத்திருந்தன. மூளைத் திசு மென்மையானது, எல்லாப் பக்கமும் ஒரே சீராக இடம் கொடுக்கும். தசைநார்கள் இரு பக்கமும் நெருக்குவதால் அங்கே அதே கட்டி நீள்வட்டமாகிவிடுகிறது. ஒரே உயிரின் இரண்டு வடிவங்கள். மூளை நோய் என்று நான் எழுதத் தொடங்கியிருந்த அறிக்கை, உடல் முழுவதும் பரவிய சிஸ்டிசர்கோசிஸ், அதாவது நாடாப்புழுவின் இளம்புழுக் கட்டி நோய், என்று மாறியது.

இந்த நோயைப் பற்றிப் படித்தவர்களிடையேகூட ஒரு குழப்பம் உண்டு. அதைத் தீர்க்காமல் மேலே சென்றால் மற்றவை விளங்கா. டீனியா சோலியம் என்னும் பன்றி நாடாப்புழுவுக்கு மனிதக் குடல்தான் முதிர்ந்த புழு வாழும் இடம். சரியாக வேகாத பன்றி இறைச்சியில் உள்ள இளம்புழுக் கட்டியை உண்பவரின் குடலில் அது பல மீட்டர் நீளத்துக்கு வளர்கிறது. அதனால் அவருக்குப் பெரும்பாலும் பெரிய தொல்லை ஒன்றும் இருக்காது. ஆனால் அவருடைய மலத்தில் முட்டைகள் வெளியேறுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். அந்த முட்டைகள், கழுவாத கை வழியாகவோ மாசுபட்ட நீர் வழியாகவோ பச்சையாக உண்ணும் காய்கறி வழியாகவோ இன்னொருவரின் வாய்க்குள் போகும்போதுதான் சிஸ்டிசர்கோசிஸ் வருகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் கரு குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, தசை, மூளை, கண், தோலின் அடிப்பகுதி என்று இரத்தம் கொண்டுபோய்ச் சேர்த்த இடங்களில் தங்கி, இரண்டு மூன்று மாதங்களில் நீர்க்கட்டியாகிறது. இறைச்சியை உண்பதால் குடலில் புழு வரும். முட்டையை விழுங்குவதால் உடலில் கட்டி வரும். இறைச்சியே தொடாதவருக்கும் இந்தக் கட்டிகள் வரலாம். குடலில் புழு வைத்திருப்பவர் தன் முட்டையைத் தானே விழுங்குவதும் உண்டு.

இளைஞரின் தாயார் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான். "அந்த இறைச்சி எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை, டாக்டர். வேறு யாருடைய படத்தையோ மாற்றிப் பார்த்துவிட்டீர்களா?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட அவமானம்தான் கூடுதலாக இருந்தது. "அம்மா, உங்கள் மகன் என்ன சாப்பிட்டார் என்பதால் வந்தது இல்லை. கண்ணுக்குத் தெரியாத முட்டை யாருடைய கை வழியாகவோ வந்திருக்கிறது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை" என்று சொன்ன பிறகே அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். படம் பார்ப்பவர் நோயாளியின் குடும்பத்தோடு பேச வேண்டியதில்லை என்ற எண்ணம் எங்கள் துறையில் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்று பேசியதால்தான் அடுத்த தகவல்கள் எல்லாம் கிடைத்தன.

இளைஞரிடம் உடம்பில் எங்கேனும் கட்டிகள் தட்டுப்படுகின்றனவா என்று கேட்டபோது, சட்டையை மேலே தூக்கி, அக்குளுக்குக் கீழே விலாப்புறத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். பட்டாணி அளவில், வலியில்லாமல், விரலுக்கு அடியில் நழுவும் உருண்டை. மேற்கையில் இரண்டு. மார்பில் ஒன்று. ஓராண்டாக இருக்கின்றன, கொழுப்புக் கட்டி என்று யாரோ சொன்னதால் விட்டுவிட்டேன் என்றார். கெண்டைக்கால் சதை இரண்டும் உடம்பின் மற்ற பகுதிக்குப் பொருந்தாத அளவுக்குப் பருத்திருந்தன. உழைப்பால் வந்த உடற்கட்டு என்று எல்லோரும் பாராட்டியதாகச் சொன்னார். ஆனால் மாடிப்படி ஏறினால் அந்தக் கால்கள் விரைவில் சோர்ந்துபோயின. தசைக்குள் நூற்றுக்கணக்கில் கட்டிகள் அடைந்துகொள்ளும்போது சதை பருத்துத் தோன்றுவதும், வலு மட்டும் கூடாமலிருப்பதும் இந்நோயில் அறியப்பட்ட அடையாளம்.

விலாப்புறக் கட்டியின் மேல் அல்ட்ராசவுண்ட் கருவியின் அதிக அதிர்வெண் கொண்ட முனையை வைத்தேன். தோலுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே, தசைநார்களின் சாம்பல் கோடுகளுக்கு நடுவே, 9 மில்லிமீட்டர் நீளத்தில் கருமையான நீள்வட்டம். அதன் ஒரு பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு வெள்ளையாக ஒரு குமிழ். அந்தக் குமிழ்தான் புழுவின் தலை. முனையை மெல்லச் சாய்த்தால் அது ஒரு கோணத்தில் மறைந்து மறு கோணத்தில் தோன்றியது. கதிர்வீச்சும் இல்லாமல், ஊசியும் இல்லாமல், பத்து நிமிடத்துக்குள் நோய் அங்கேயே உறுதியாகிவிட்டது. தோலுக்கடியில் கட்டி இருப்பவர்களுக்கு, அதை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் முன் அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடுவது நல்லது. கட்டியின் தலை அதில் தெளிவாகத் தெரிந்துவிட்டால் வெட்டவேண்டிய தேவையே பல நேரங்களில் இல்லாமல் போகும். ஆனால் பார்ப்பவர் அந்தக் குமிழைத் தேடவேண்டும். தேடாதவருக்கு அது வெறும் நீர்க்கட்டி.

உரையாடலின் நடுவே அவருடைய தாயார் ஒரு பழைய உறையை எடுத்து நீட்டினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தோள் வலிக்காக வேறோர் இடத்தில் எடுத்த எக்ஸ்ரே. எலும்பு முறிவு இல்லை என்று அறிக்கை. அதில் குறையில்லை, எலும்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேற்கைத் தசையின் நிழலில், நெல்மணி அளவில் மூன்று வெள்ளைக் கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக, தசை ஓடும் திசையில் இருந்தன. இறந்த கட்டிகளில் சுண்ணம் படிய ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆக, அந்தப் படம் எடுக்கப்படுவதற்கும் சில ஆண்டுகள் முன்பே முட்டைகள் உடலுக்குள் போயிருக்கவேண்டும். சி.டி., எம்.ஆர்.ஐ. எதுவும் இல்லாத காலத்தில் இந்த நெல்மணிகளைத்தான் மருத்துவர்கள் தேடினார்கள். பெரும்பாலும் இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்களிடம் கண்ட 450 சிஸ்டிசர்கோசிஸ் நோயாளிகளைப் பற்றி டிக்சனும் லிப்ஸ்காம்பும் 1961இல் வெளியிட்ட ஆய்வில், தொற்றுக்கும் முதல் வலிப்புக்கும் இடையே ஆண்டுகள் கடந்திருப்பது பதிவாகியிருக்கிறது. ஊர் திரும்பிப் பல காலம் ஆன பிறகு வந்த வலிப்புக்குக் காரணம் தேடி, அவர்களின் தொடையை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

எக்ஸ்ரேயின் எல்லையையும் சொல்லியாகவேண்டும். அது சுண்ணம் படிந்த, அதாவது இறந்துபோன கட்டியை மட்டுமே காட்டும். உயிருள்ள கட்டி அதில் தெரியவே தெரியாது. தொடை எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதை வைத்து உடலில் நோய் பரவவில்லை என்று முடிவுசெய்தால் ஏமாந்துபோவோம். இந்த இளைஞரின் தொடை எக்ஸ்ரேயில் நான்கே மணிகள் தெரிந்தன. அதே தொடையை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோது விண்மீன்கள் நிறைந்த வானம்போல் இருந்தது.

முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுப்பது குறித்து எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. நோய் உறுதியாகிவிட்டது, இன்னும் எதற்கு என்பது ஒரு தரப்பு. சிகிச்சையைத் தொடங்கும் முன் உடலில் எவ்வளவு சுமை இருக்கிறது, இதயத் தசையில் இருக்கிறதா, தண்டுவடத்தில் இருக்கிறதா என்று தெரிந்திருக்கவேண்டும் என்பது நரம்பியல் மருத்துவரின் வாதம். எனக்கு அவர் சொன்னதே சரியாகப் பட்டது. கொழுப்பின் ஒளியை அடக்கி நீரை மட்டும் வெண்மையாகக் காட்டும் ஸ்டிர் வரிசையில் (எம்.ஆர்.ஐ. படமெடுக்கும் முறைகளுள் ஒன்று), தலையிலிருந்து பாதம்வரை, கதிர்வீச்சு இல்லாமல், படத்தைத் துலக்க ஊசியில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தும் இல்லாமல் எடுத்தோம். தோள், முதுகு, பிட்டம், தொடை, கெண்டைக்கால் எங்கும் வெள்ளை மணிகள் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. இதயத்திலும் தண்டுவடத்திலும் ஒன்றும் தென்படவில்லை. இந்தச் சோதனை நாடாப்புழுக் கட்டி உள்ள எல்லோருக்கும் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மூளையில் ஒரே ஒரு கட்டி, தசையிலோ தோலுக்கடியிலோ எந்த அறிகுறியும் இல்லை என்றால் அது வீண். ஓரத்தில் ஒன்று தென்பட்டுவிட்டால் மட்டும் தேடவேண்டும்.

இனி நிலைகளைப் பற்றி. இந்நோயில் கட்டி உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் ஓசையில்லாமல் இருக்கும். உடலின் எதிர்ப்பாற்றலிலிருந்து அது தன்னை மறைத்துக்கொள்கிறது. சாகத் தொடங்கும்போதுதான் அந்த மறைப்பு விலகி, உடல் அதைத் தாக்கி, சுற்றிலும் வீக்கம் உண்டாகி, வலிப்பு வருகிறது. ஆய்வாளர் எஸ்கோபார் 1983இல் வகுத்த நான்கு நிலைகளைத்தான் இன்றும் நாங்கள் படத்தில் தேடுகிறோம். முதல் நிலையில் தெளிந்த நீரும் தலையும் இருக்கும், வீக்கம் இருக்காது. இரண்டாம் நிலையில் நீர் கலங்கி, சுவர் தடித்து, கான்ட்ராஸ்ட் கொடுத்தால் வளையமாக ஒளிரும். சுற்றி வீக்கம் மிகும். மூன்றாம் நிலையில் கட்டி சுருங்கிச் சிறு முடிச்சாகும். நான்காவது, சுண்ணப் புள்ளி. இந்த இளைஞரிடம் நான்கு நிலைகளும் ஒன்றாக இருந்தன. ஒருமுறை அல்ல, பலமுறை முட்டைகள் உடலுக்குள் போயிருக்கலாம் என்ற ஐயத்தை அது எழுப்பியது. அதாவது, முட்டைகள் வெளியேறும் இடம் அவருக்கு அருகிலேயே, ஒருவேளை வீட்டுக்குள்ளேயே, இருக்கலாம். இதற்குப் பிறகு வருகிறேன்.

சி.டி.யா எம்.ஆர்.ஐ.யா என்று நோயாளிகள் கேட்கும்போது, ஒன்று போதும் என்ற விடையை எதிர்பார்க்கிறார்கள். சுண்ணத்தைக் காட்டுவதில் சி.டி. வல்லது; புழுவின் தலை, மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளான நீரறைகளுக்குள் ஒளிந்திருக்கும் கட்டி, மூளையின் அடிப்பகுதி மடிப்புகளில் உள்ளவை ஆகியவற்றை எம்.ஆர்.ஐ.யே காட்டும். அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கமும் வெப்பமண்டல மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டையும் எடுக்கச் சொல்கிறது. நீரறைக்குள் உள்ள கட்டியின் நீரும் அறையின் நீரும் ஒரே நிறத்தில் இருப்பதால் வழக்கமான வரிசைகளில் அது கரைந்துபோய்விடும். மெல்லிய சுவரையும் பிரித்துக் காட்டும் சிஸ் போன்ற நுண்வரிசையைக் கேட்டு எடுக்கவேண்டும். கேட்காவிட்டால் பல இடங்களில் எடுக்கமாட்டார்கள்.

வளையமாக ஒளிரும் கட்டி எல்லாம் நாடாப்புழுவும் அல்ல. காசநோய்க் கட்டி அதே தோற்றத்தில் வரும். இரண்டுக்கும் மருந்து வேறு, காலம் வேறு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ராஜசேகரும் சாண்டியும் மற்றோரும் 1990களின் தொடக்கத்தில் செய்த பணி இந்த வேறுபாட்டில் எங்களுக்கு இன்றும் கைகொடுக்கிறது: தனியாக உள்ள கட்டி 20 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகவும், ஓரம் ஒழுங்கற்றும், மூளையின் நடுக்கோட்டைத் தள்ளுவதாகவும் இருந்தால் காசநோயின் பக்கம் சாயவேண்டும், சிறிதாக, ஒழுங்கான உருண்டையாக இருந்தால் நாடாப்புழுவின் பக்கம். பல கட்டிகள் இருக்கும்போது, வேறிடத்திலிருந்து பரவிய புற்றுநோயையும், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணித் தொற்றையும் நினைவில் வைக்கவேண்டும். இந்த இளைஞரிடம் அந்த ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. அத்தனை கட்டிகளில் புழுவின் தலை தெரிந்தது.

இரத்தச் சோதனை எடுக்கவில்லையா என்று உறவினர்கள் வற்புறுத்தினார்கள். எடுத்தோம். பல சிறு கட்டிகள் உள்ளவர்களில் புழுவுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் இ.ஐ.டி.பி. என்னும் சோதனை நம்பகமானது. ஆனால் ஒற்றைக் கட்டி உள்ளவர்களிலும், எல்லாம் சுண்ணமாகிவிட்டவர்களிலும் அது எதிர்மறையாக வருவது உண்டு. செம்மைப்படுத்தாத ஆன்டிஜனை (புழுவிலிருந்து எடுத்த புரதங்களை) கொண்டு செய்யும் எலைசா என்னும் மற்றோர் இரத்தச் சோதனையை மேற்கண்ட வழிகாட்டுதலே வேண்டாம் என்கிறது. இரத்தச் சோதனையில் இல்லை என்று வந்ததால் படத்தில் கண்டதைத் தள்ளிவிட முடியாது.

நான் மனம் பதறிய இடம் அடுத்தது. புழுவைக் கொல்லும் ஆல்பென்டசோல் மாத்திரை அன்று மாலையே தொடங்குவதாகக் குறிப்பில் இருந்தது. கண்குழித் தசையில் கண்ட ஒரு கட்டி என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. தொலைபேசியில் அழைத்து, கண் மருத்துவர் பார்க்கும்வரை மாத்திரையை நிறுத்திவைக்கச் சொன்னேன். "பார்வை நன்றாக இருக்கிறது என்கிறாரே" என்றார் பணியில் இருந்த இளம் மருத்துவர். நன்றாகத்தான் இருந்தது. கண்ணின் பாவையை மருந்தால் விரித்துப் பார்த்த கண் மருத்துவர், வலது கண்ணின் விழித்திரைக்கு அடியில், பார்வையின் மையத்திலிருந்து விலகிய ஓரத்தில், உயிருள்ள ஒரு கட்டியைக் கண்டார். கண்ணுக்குச் செய்த அல்ட்ராசவுண்டில் அதன் தலையும் தெரிந்தது. மாத்திரை உள்ளே போயிருந்தால் அந்தக் கட்டி கண்ணுக்குள்ளேயே இறந்திருக்கும்; அதைத் தொடர்ந்து வரும் அழற்சி விழித்திரையை அழித்துவிடக்கூடும். அறுவை சிகிச்சையால் கட்டியை எடுத்த பிறகே மற்ற சிகிச்சை தொடங்கியது. மாத்திரைக்கு முன் கண் சோதனை என்பது வழிகாட்டுதலில் எழுதியிருக்கும் விதிதான். ஆனாலும் அவசரத்தில் அது விடுபடுகிறது. நோயாளிகளும் உறவினர்களும் இதைத் தாங்களே கேட்டு வாங்கவேண்டும் என்று நான் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

மூளையிலும் அதே சிக்கல் உண்டு. நூற்றுக்கணக்கான கட்டிகள் ஒரே வாரத்தில் சாகத் தொடங்கினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். மூளை ஏற்கெனவே பரவலாக வீங்கியிருப்பவர்களுக்கும், அடைபட்ட நீரறையால் தலைக்குள் அழுத்தம் கூடியிருப்பவர்களுக்கும் புழுக்கொல்லி மருந்தை உடனே கொடுக்கவே கூடாது. முதலில் வீக்கத்தையும் அழுத்தத்தையும் தணிக்கவேண்டும். ஆகவே படத்தைப் பார்ப்பவர் கட்டி இருக்கிறது என்று எழுதினால் மட்டும் போதாது. எத்தனை, எந்த நிலையில், வீக்கம் எவ்வளவு, நீரறைகள் விரிந்திருக்கின்றனவா, கண்ணில் என்ன என்பதையும் எழுதவேண்டும். இவருக்கு முதலில் வலிப்பு மருந்தும் ஸ்டீராய்டும் கொடுத்து, மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்தபடியே புழுக்கொல்லி தொடங்கினார்கள். ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும், அதுவும் நீண்ட நாள் தேவைப்படும் என்பதால், உறங்கிக்கொண்டிருக்கும் காசநோயையும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் குடற்புழுவையும் முன்கூட்டியே சோதித்தார்கள். வலிப்பு வரும் ஒருவர், புழு மாத்திரைதானே என்று மருந்துக் கடையில் தாமாக வாங்கி விழுங்குவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இதிலிருந்தே விளங்கும்.

வீட்டுக்குள் இருக்கலாம் என்று ஐயப்பட்ட அந்த மூலத்துக்கு வருகிறேன். வீட்டில் உள்ள எல்லோருக்கும் மலச் சோதனை செய்யவேண்டும் என்றோம். முட்டைகள் தினமும் வெளியேறுவதில்லை என்பதால் வெவ்வேறு நாட்களில் மூன்று முறை. மூன்றாவது சோதனையில், அந்த வீட்டில் சமைப்பவர்களில் ஒருவருக்குக் குடலில் நாடாப்புழு இருப்பது தெரிந்தது. அவருக்கு எந்தத் தொல்லையும் இருந்ததில்லை. எப்போதோ வெளியில் உண்ட உணவின் வழியாக வந்திருக்கவேண்டும். அவருக்கு நிக்ளோசமைடு கொடுத்தார்கள். அது குடலுக்குள்ளேயே நின்றுவிடுவதால், அவர் மூளையில் யாரும் அறியாத கட்டி இருந்தாலும் அதைக் கிளறாது. யாருக்கு என்பதைக் குடும்பத்தின் மற்றவர்களுக்குச் சொல்லவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். நாங்களும் சொல்லவில்லை. எல்லோருக்கும் கை கழுவுவதைப் பற்றி ஒரே மாதிரியாகப் பேசினோம்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு இன்னும் சில செய்திகள். பழைய படங்களைத் தூக்கி எறியாதீர்கள். அந்தத் தோள் எக்ஸ்ரே இல்லாவிட்டால் நோயின் வயதை எங்களால் கணித்திருக்க முடியாது. அச்சடித்த படத்தோடு நிற்காமல், முழுப் படத்தொகுப்பையும் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் நாக்கில் இருந்த கட்டி அச்சில் இடம்பெறவே இல்லை. எம்.ஆர்.ஐ.க்கு முன் உடலில் உள்ள உலோகம், இதயக் கருவி ஆகியவற்றையும், கான்ட்ராஸ்டுக்கு முன் சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டிகள் மறைந்துவிட்டன என்று படத்தில் வந்தாலும் வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள். சுண்ணமாக மிஞ்சிய புள்ளியைச் சுற்றியும் வீக்கம் வந்து வலிப்பு திரும்புவதுண்டு. இவருக்கு முதல் வலிப்பைத் தந்ததே அப்படிப்பட்ட ஒரு புள்ளிதான்.

ஆறு மாதம் கழித்து அவர் மீண்டும் எம்.ஆர்.ஐ.க்கு வந்தார். இடையில் ஒருமுறை மட்டும் வலிப்பு வந்திருந்தது. கெண்டைக்கால் சதை சற்றே இளைத்திருந்தது. விலாப்புறக் கட்டி விரலுக்குத் தட்டுப்படவில்லை. மூளையின் கட்டிகளில் பாதிக்கும் மேல் மறைந்துவிட்டன. எஞ்சியவற்றில் பல சுருங்கிய முடிச்சுகள். ஐந்தில் மட்டும் இன்னும் தெளிந்த நீரும் தலையும் இருந்தன. அதனால் இரண்டாம் சுற்று மருந்து பற்றி நரம்பியல் மருத்துவரிடம் பேசவேண்டியிருந்தது. இம்முறை நான் மூளையை முதலில் பார்க்கவில்லை. நடுக்கோட்டுப் படத்தைத் திறந்து நாக்கைப் பார்த்தேன். இரண்டு மணிகளில் ஒன்றைக் காணவில்லை. மற்றது பாதியாகச் சுருங்கி, தலை தெரியாமல் மங்கியிருந்தது. அடுத்த படம் இன்னும் ஆறு மாதம் கழித்து. அதே கருவியில், அதே வரிசைகளில், கண்குழியும் நாக்கும் பிடரியும் முழுமையாக உள்ளடங்கும்படி எடுக்கவேண்டும் என்று டெக்னீஷியனுக்கான குறிப்பை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.